போலீஸ் சட்டத்துக்குப் புறம்பாக உத்தரவிட்டால்: பணிவதா, மறுப்பதா, எழுதிக் கேட்பதா?

"சார் உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்." இப்படி ஒரு போன் வந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள்தான் அதிகம். மற்றவர்கள் கேட்பவையும் இதே மாதிரிதான். ரோட்டில் நிறுத்தி போனிலிருந்த வீடியோவை அழிக்கச் சொன்னார்கள், வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், நிலத் தகராறில் "எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று உட்கார வைத்தார்கள். எல்லாவற்றிலும் சிக்கல் ஒன்றுதான். அவர்கள் சொல்வது சட்டப்படி சரியில்லை என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் மறுத்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். "போலீஸோடு எதற்கு வம்பு, சொன்னதைச் செய்துட்டு வா" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். "முடியாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்" என்கின்றன யூடியூப் வீடியோக்கள். இரண்டையும் அப்படியே நம்பி இறங்கினால் ஆபத்து. எந்த உத்தரவு, யாருக்கு, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து பதில் மாறும். தமிழ்நாட்டு நடைமுறையை மனதில் வைத்து, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டங்களின்படி இதை எழுதுகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இப்போது பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துவிட்டது.

## எது சட்டத்துக்குப் புறம்பான உத்தரவு?

அதட்டலாகச் சொன்னாலே அது சட்டவிரோதம் ஆகிவிடாது. மரியாதையாகச் சொன்னதாலேயே சட்டப்பூர்வமும் ஆகிவிடாது. அந்த உத்தரவைக் கொடுக்கும் அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது, அந்தப் பிரிவு சொல்லும் முறைப்படி கொடுக்கப்பட்டதா என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டேஷனுக்கு அழைப்பதையே எடுத்துக்கொள்வோம். ஒருவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 179. பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்களாக விரும்பி வந்தால் வரலாம். சந்தேகிக்கப்படுபவர் என்றால், கைது தேவைப்படாத நிலையில், பிரிவு 35(3)-இன் கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இன்னாரை இன்ன இடத்துக்கு வரவழைக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருப்பது தெரிந்தே ஓர் அதிகாரி வரவழைத்தால், பி.என்.எஸ். 199-இன் கீழ் அதுவே குற்றம். தண்டனை குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு கடுங்காவல், அபராதமும் உண்டு. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெண்ணைச் சாட்சி சொல்ல ஸ்டேஷனுக்கு வரச் சொல்வதெல்லாம் ஏதோ சின்ன நடைமுறைப் பிசகு என்று நினைத்துவிட வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது?

நான் முதலில் கேட்பது இதைத்தான்: சொன்னதைச் செய்துவிட்டால் பிறகு அதைத் திரும்பப் பெற முடியுமா? "இங்கே நிற்காதே, தள்ளிப் போ" என்ற உத்தரவு தவறாகவே இருக்கட்டும். தள்ளிப் போவதால் பெரிதாக எதையும் இழக்கப் போவதில்லை. நாளைக்குப் புகார் எழுதலாம். வெற்றுத் தாளில் போட்ட கையெழுத்தும் சொல்லிவிட்ட பாஸ்வேர்டும் அப்படியல்ல. கொடுத்தது கொடுத்ததுதான்.

இரண்டாவது, உடலுக்கு வரும் ஆபத்து. நடுப்பகலில் கடைத்தெருவில் பத்துப் பேர் பார்க்க நிற்பதும், இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனின் பின் அறையில் நிற்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது, பின்னால் நிரூபிக்க என்ன மிஞ்சும்? வாய்வார்த்தையாக வந்த உத்தரவுக்கு வாய்வார்த்தையாகவே பதில் சொன்னால், கோர்ட்டில் இரண்டு பேர் இரண்டு கதை சொல்வதாக முடிந்துவிடும்.

நான்காவது செலவு. வழக்கறிஞர் கட்டணம் மட்டும் செலவல்ல. ஒரு நாள் கூலி, கடை மூடிய நாள், காவல்துறைச் சரிபார்ப்பை நம்பியிருக்கும் பாஸ்போர்ட், ஊருக்குள் வரும் பேச்சு எல்லாம் அதில் சேரும்.

ஐந்தாவதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மறுப்பதற்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. நகரத்தில் ஆங்கிலம் பேசும் ஐ.டி. ஊழியர் "எந்த செக்ஷன் சார்?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. அதே கேள்வியைக் கேட்கும் சேரி இளைஞருக்கோ, வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவருக்கோ, ஏற்கெனவே ஒரு வழக்கில் பெயர் உள்ளவருக்கோ கிடைப்பது வேறு. இது இப்படி இருக்கக் கூடாது. ஆனால் இப்படித்தான் இருக்கிறது. அதனால் கீழே உள்ள எந்த வழியையும் உங்கள் நிலைமையை வைத்தே தேர்ந்தெடுங்கள்.

## எல்லா வழிகளுக்கும் பொதுவான ஓர் எல்லை

கையைத் தட்டிவிடுவது, தள்ளுவது, ஓடுவது எதுவும் வேண்டாம். உத்தரவு தவறாக இருந்தாலும்கூட வேண்டாம். பி.என்.எஸ். 37-ஐப் படித்தால் காரணம் புரியும். அரசு ஊழியர் ஒருவர் தன் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல் கண்டிப்பான சட்டக் கணக்கில் சரியாக இல்லாவிட்டாலும், அதனால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இல்லாதவரை, அதற்கெதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. கை வைத்துவிட்டால், உங்கள் நியாயம் முழுவதும் பி.என்.எஸ். 132-க்குள் அமுங்கிப் போகும். அரசு ஊழியரைத் தாக்கியதாகவோ பலப்பிரயோகம் செய்ததாகவோ 2 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம் அது. வெறும் தடங்கல் என்று சொல்லும் பிரிவு 221-க்கே 3 மாதம் வரை சிறை உண்டு.

புதிய சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. குற்றத் தடுப்புப் பணியில் போலீஸ் கொடுக்கும் சட்டப்பூர்வமான கட்டளைக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 172. கட்டுப்படாதவரைப் பிடித்து வைக்கலாம். நடுவர் முன் நிறுத்தலாம். சின்ன விஷயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாம். 'சட்டப்பூர்வமான' என்ற சொல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் எது சட்டப்பூர்வம் என்பதை அந்த நிமிடத்தில் முடிவு செய்பவர் உங்கள் எதிரில் நிற்பவர்தான். கோர்ட் முடிவு செய்ய நாளாகும்.

## வழி 1: சொன்னபடி செய்துவிடுவது

ரோட்டில் நிற்கும்போது வரும் பெரும்பாலான உத்தரவுகளுக்கு இதுவே போதும். வண்டியை ஓரம் கட்டு, லைசென்ஸைக் காட்டு, கூட்டத்திலிருந்து விலகு. சீருடையில் உள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியே ஆக வேண்டும். டிஜிலாக்கரில் உள்ள நகல் செல்லும். வண்டிச் சாவியைப் பிடுங்குவது சரியில்லை. ஆனாலும் சாவிக்காக அங்கே கைகலப்பில் இறங்காதீர்கள். பெயர்ப் பட்டையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பிறகு எழுதுங்கள்.

இதன் மறைமுகச் செலவு ஸ்டேஷனுக்குள்தான் தெரியும். "சும்மா ஒரு விசாரணை" என்று நம்பித் தனியாகப் போகிறவர் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்பதற்கு எந்த எழுத்துப் பதிவும் இருக்காது. அவர் கைதானவர் என்று காட்டப்படாததால், கைதானவருக்கு உள்ள பாதுகாப்புகளும் காகிதத்தில் தொடங்கியிருக்காது. 24 மணி நேரக் கணக்கு, உறவினருக்குத் தகவல், கைதுக் குறிப்பு, மருத்துவப் பரிசோதனை எதுவும் இருக்காது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் ஒரு கோயில் காவலாளி நகைத் திருட்டு விசாரணை என்ற பெயரில் அழைத்துச் செல்லப்பட்டு, போலீஸ் பிடியில் இறந்தார். விசாரணைக்கும் கைதுக்கும் நடுவிலுள்ள அந்தப் பெயரில்லாத நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

## வழி 2: எழுத்து மூலம் கேட்பது

போனில் வரும் அழைப்புக்கு என் முதல் சிபாரிசு இதுதான். இது மறுப்பு இல்லை. வருகிறேன், முறைப்படி கூப்பிடுங்கள் என்பதுதான் இதன் பொருள். குரலை உயர்த்தாமல், "சார், நான் வரமாட்டேன்னு சொல்லல. எந்த மனு, எந்த வழக்குன்னு ஒரு சம்மன் மட்டும் குடுத்துடுங்க, கண்டிப்பா வந்துடறேன்" என்று சொல்லலாம். போனை வைத்த கையோடு அதே எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

> அய்யா, இன்று காலை 11 மணிக்கு இந்த எண்ணிலிருந்து என்னை நிலையத்துக்கு வரும்படி கூறினீர்கள். விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். மனு எண் அல்லது வழக்கு எண், சட்டப் பிரிவு, நான் வர வேண்டிய நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்து மூலமான அழைப்பாணையை என் முகவரிக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதையே ஒரு தாளில் எழுதி இன்ஸ்பெக்டருக்கும், நகல் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "அவர் தலைமறைவாக இருந்தார், ஒத்துழைக்கவில்லை" என்று நாளைக்கு யாராவது எழுதினால் அதை முறிப்பது அந்த ரசீதுதான்.

நிலத் தகராறு, கடன் பாக்கி, வாடகைப் பிரச்சினை போன்ற சிவில் விஷயங்களில் இந்தக் கடிதத்துக்கு இன்னும் பலம் அதிகம். எழுத்தில் கேட்டவுடனேயே பல அழைப்புகள் அப்படியே நின்றுவிடும். எழுத்தில் கொடுக்க அவர்களிடம் ஒன்றுமில்லாததுதான் காரணம். சென்னை உயர் நீதிமன்றமும், மனு விசாரணைக்கு அழைப்பதானால் நாள், நேரம் குறிப்பிட்டு எழுத்து மூலம் அழைக்க வேண்டும், விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தக் கூடாது என்று திரும்பத் திரும்ப உத்தரவிட்டு வருகிறது.

இதிலும் செலவு உண்டு. எழுத்தில் கேட்டது சில அதிகாரிகளுக்குக் கோபமூட்டும். வெறும் மனுவாக இருந்தது எஃப்.ஐ.ஆர். ஆகலாம். அப்புறம், கேட்டபடி 35(3) நோட்டீஸ் வந்துவிட்டால் போயே ஆக வேண்டும். போனால், கைது ஏன் தேவை என்று காரணம் எழுதாமல் அவர்கள் கைது செய்ய முடியாது. போகாவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நோட்டீஸ் கேட்டுவிட்டு, வந்த நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் இருப்பது எல்லா வழிகளிலும் மோசமானது.

## வழி 3: எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு இணங்குவது

போலீஸ் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறது, "ஜீப்பில் ஏறு" என்கிறது. எழுத்தில் கேட்க அவகாசமில்லை. இங்கே பொருந்துவது மூன்றாவது வழி. செய்யச் சொன்னதைச் செய்கிறீர்கள்; ஆனால் விருப்பப்பட்டுச் செய்யவில்லை என்பது நாலு பேருக்குத் தெரியும்படி செய்கிறீர்கள்.

சத்தமாக, மரியாதையாகக் கேளுங்கள்: "சார், என்னைக் கைது செய்றீங்களா? எந்தக் காரணத்துக்கு? உங்க பேர் என்ன?" கைது செய்யும் அதிகாரி பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தோடு இருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 36. கைது எப்படி நடக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்று சட்டத்திலேயே இருக்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு. அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சமீபத்திய தீர்ப்புகளில் அழுத்திச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் கேட்கும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் உடனே செய்ய வேண்டிய வேலை, வண்டி எண்ணையும் நேரத்தையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் குறித்து, வழக்கறிஞருக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் செய்தியாக அனுப்புவது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழைக்கலாம், இலவசம்தான்.

சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால், அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி வீட்டார் ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்கு அடிப்படையே, யார், எப்போது, எங்கிருந்து அழைத்துப் போனார்கள் என்ற விவரம்தான்.

வீட்டைச் சோதனை போட வந்தாலும் இதே முறைதான். கதவை மறிக்க வேண்டாம். வாரண்ட் இல்லாமல் விசாரணை அதிகாரி சோதனை போட வேண்டுமானால் காரணத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். சோதனையை வீடியோ பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105 கட்டாயமாக்கியிருக்கிறது. "வீடியோ எடுக்கிறீர்களா? மகஜர் நகல் தருவீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. (மகஜர் என்பது சோதனையில் நடந்ததையும் எடுத்ததையும் சாட்சிகள் முன் எழுதும் பதிவு.) எடுத்துப் போன பொருளுக்கெல்லாம் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். சாட்சி இல்லாத இடத்தில் சொன்ன எதிர்ப்பு காற்றோடு போய்விடும்.

## வழி 4: மறுப்பது

மேலே சொன்ன முதல் அளவுகோலுக்கு வருவோம். எதைக் கொடுத்தால் திரும்பப் பெற முடியாதோ, அதைக் கொடுக்க மறுக்க வேண்டும். இந்தப் பட்டியல் சிறியதுதான்.

கையெழுத்து. இந்தக் காட்சி பலருக்கும் பழக்கமானது. ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலர், ஒரு தாளை நகர்த்துவார். மேலே நாலு வரி எழுதியிருக்கும், கீழே முக்கால் பக்கம் காலியாக இருக்கும். "கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க, கிளம்பலாம்." வழக்கு விசாரணையில் போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் அதைச் சொன்னவரின் கையெழுத்தை வாங்கவே கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 181. அதனால் "வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டியதில்லை சார்" என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. நோட்டீஸ் பெற்றதற்கான கையெழுத்து, கைதுக் குறிப்பு, மகஜர் ஆகியவை வேறு. அவற்றைப் படித்துப் பார்த்து, நாளும் நேரமும் எழுதிப் போடலாம். போடும் முன் காலி இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, "மேலே உள்ள நான்கு வரிகள் மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால், நம்பிக்கையான ஒருவர் வந்து படித்துச் சொல்லும்வரை போடாதீர்கள்.

குற்ற ஒப்புதல். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). நந்தினி சத்பதி வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் போலீஸ் விசாரணையிலும் இந்த உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பதும் சரிதான். ஆனால் அதை நம்பி எதையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பது தப்பு. போலீஸ் காவலில் நீங்கள் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதைப் பற்றிய பகுதி மட்டும் சான்றாக ஏற்கப்படும்.

சிவில் விவகாரத்தில் எழுதிக் கொடுப்பது. "இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணிடறேன்னு எழுதிக் குடு", "மூணு லட்சம் தர்றேன்னு எழுதிக் குடு" என்பதெல்லாம் கட்டப்பஞ்சாயத்து. அந்த அதிகாரம் எந்தக் காவல் நிலையத்துக்கும் இல்லை. "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்ற ஒற்றை வரியில் நில்லுங்கள். மிரட்டலால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், அன்றைக்கே அது மிரட்டலில் எழுதியது என்று எஸ்.பி.க்குத் தபால் அனுப்ப வேண்டும். பத்து நாள் கழித்து அனுப்பினால் அதன் எடை குறைந்துவிடும்.

வீடியோவை அழிப்பது. பொது இடத்தில் பணி செய்யும் காவலரைப் படம் எடுப்பதைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டம் இல்லை. ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்தவர்மேல் அரசாங்க ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. காவல் நிலையம் அந்தச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடம் இல்லை என்றது. ஆனால் எட்டடி தள்ளி நின்று எடுப்பதற்கும், முகத்துக்கு நேரே போனை நீட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதைத் தடங்கல் என்று எழுதிவிடுவார்கள். மிரட்டலுக்குப் பயந்து அழித்துவிட்டாலும் பதற்றம் வேண்டாம். பெரும்பாலான போன்களில் அழித்தவை சில வாரங்கள் தனிப் பகுதியில் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மீட்டெடுங்கள்.

பாஸ்வேர்டு. இதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. போனைக் கைப்பற்றும் அதிகாரம் வேறு, பாஸ்வேர்டைச் சொல்ல வைப்பது வேறு. "வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்பதே இப்போதைக்குச் சரியான பதில்.

மறுப்பதன் செலவு அந்த இடத்திலேயே தெரியும். மணிக்கணக்கில் உட்கார வைப்பார்கள், குரல் உயரும். பி.என்.எஸ்.எஸ். 170-இன் கீழ் தடுப்புக் கைது என்று 24 மணி நேரம் வரை வைக்க முடியும். அடிக்கத் தொடங்கினால் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். உயிர்தான் முதல். நடுவர் முன் நிறுத்தும்போது காயத்தைக் காட்டி, எப்படி வந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கைதானவரை மருத்துவர் பரிசோதித்து, அறிக்கையின் நகலைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். பக்கத்தில் காவலர் நிற்கும்போது இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது புரிகிறது. ஆனாலும் பிற்பாடு எடுபடுவது அங்கே பதிவானதுதான்.

## வழி 5: முன்கூட்டியே கோர்ட்டுக்குப் போவது

தொடர்ந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்தால், உயர் நீதிமன்றத்தில், சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, "துன்புறுத்தக் கூடாது" என்ற மனுவைப் போடலாம். வழக்கறிஞர்கள் இதை 'நாட் டு ஹராஸ்' என்பார்கள். கைது உறுதி, அதுவும் ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால் முன்ஜாமீன்.

'நாட் டு ஹராஸ்' மனுவில் பெரும்பாலும் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். அரசுத் தரப்பு, "விசாரணைக்குத்தான் அழைத்தோம், துன்புறுத்தவில்லை" என்று சொல்லும். "எழுத்து மூலம் அழைத்து விசாரியுங்கள்" என்ற உத்தரவோடு மனு முடியும். வழி 2-இல் நீங்கள் கடிதத்தில் கேட்டதையே நீதிபதியின் வாயால் வாங்குகிறீர்கள். அதற்கு மதிப்பு உண்டு. பணமும் நாட்களும் செலவாகும். முன்ஜாமீனின் மறைமுகச் செலவு அதன் நிபந்தனை. இத்தனை வாரம் தினமும் காலையில் அதே ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கமாக வரும் ஒன்று. தினக்கூலிக்காரருக்கு அது பெரிய அடி. வழக்கே இல்லாதபோது பயத்தில் முன்ஜாமீனுக்கு ஓடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது சரி | உடல் ஆபத்து | மிஞ்சும் பதிவு | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| சொன்னபடி செய்வது | ரோட்டில், சிறிய உத்தரவு | குறைவு. ஸ்டேஷனுக்குள் தனியாக என்றால் அதிகம் | ஏறக்குறைய இல்லை | கணக்கில் வராத விசாரணை நேரம் |
| எழுத்தில் கேட்பது | போன் அழைப்பு, சிவில் தகராறு | குறைவு | மிக நல்லது | அதிகாரியின் கோபம்; நோட்டீஸ் வந்தால் போயாக வேண்டும் |
| எதிர்ப்போடு இணங்குவது | வாசலில் வந்து நிற்கும்போது, சோதனை, கைது | நடுத்தரம் | சாட்சி இருந்தால் நல்லது | சாட்சி இல்லையென்றால் பயனில்லை |
| மறுப்பது | கையெழுத்து, ஒப்புதல், கட்டப்பஞ்சாயத்து, பாஸ்வேர்டு | அதிகம் | பிறகு எழுதினால்தான் | உட்கார வைத்தல், தடுப்புக் கைது |
| கோர்ட்டுக்குப் போவது | தொடர் தொந்தரவு, கைது உறுதி | குறைவு | மிக நல்லது | பணம், பயணம், தினசரிக் கையெழுத்து |

ஒரு வரியில் கேட்டால், போனுக்கு இரண்டாவது, வாசலுக்கு மூன்றாவது, தாளுக்கு நான்காவது. வெளியூர் போய் ஒளிந்துகொள்வதைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அது கைதுக்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுப்பது.

## நடந்த பிறகு எங்கே போவது?

முதல் கடிதம் எஸ்.பி. அல்லது கமிஷனருக்கு. செலவில்லை, சில நேரம் உடனே பலன் தரும். அதே துறை தன்னையே விசாரிக்கிறது என்பதுதான் குறை. தமிழ்நாட்டில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறைப் புகார் ஆணையம் உண்டு. ஆனால் காவல்துறைச் சீர்திருத்தம் பற்றிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கேட்டது ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையை. இங்கே மாநில அளவில் தலைமை உள்துறைச் செயலாளரிடமும், மாவட்ட அளவில் கலெக்டரிடமும் இருக்கிறது. இதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே, கட்டணம் இல்லாமலே எழுதலாம். அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்தது. அதனால் இந்த வழிக்கு இப்போது பல் முளைத்திருக்கிறது. ஆனால் சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். முடிவு வரப் பொறுமையும் வேண்டும்.

அதிகாரிமேல் குற்ற வழக்கே வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். புதிய சட்டத்தில் இங்கே தடைகள் கூடியிருக்கின்றன. பணியின்போது நடந்தது என்றால், மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த அதிகாரியின் விளக்கத்தையும் பார்த்த பிறகே விசாரணைக்கு உத்தரவிட முடியும். அரசின் முன் அனுமதி தேவைப்படும் வழக்கில், 120 நாட்களுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்பது ஓர் ஆறுதல். இழப்பீடு கேட்பதானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். போலீஸ் காவலில் மகனை இழந்த தாய் நீலபதி பெஹெராவின் வழக்கு 1993-இலேயே அதற்கு வழி திறந்துவிட்டது.

எந்தக் கதவைத் தட்டினாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளம் வழக்கில், கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்திருந்தார். எனவே காத்திருக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து வந்த மறுநாளே, "இன்ன தேதி, இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை வாசல், வரவேற்பு, இன்ஸ்பெக்டர் அறைப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கவும், நகல் தரவும்" என்று இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.பி.க்கும் எழுதி அனுப்புங்கள். அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் போதும். இந்தக் கடிதத்துக்கு வழக்கறிஞர் தேவையில்லை.